சாயக் கையும் சாதிக் கறையும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாளையொட்டித் திருப்பூரில் ஆற்றிய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இதற்கு முன் அரசியல் சட்டம் பற்றிப் பேசியிருக்கிறார்கள், பௌத்தம் பற்றிப் பேசியிருக்கிறார்கள், உள் ஒதுக்கீடு பற்றிப் பேசியிருக்கிறார்கள். நாங்கள் கை கழுவுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைச் சொன்னபோது அமைப்பில் ஒரு தோழர், "சோப்புக் கம்பெனி விளம்பரமா தோழர்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கறையும் நாற்றமும் போக என்ன செய்யலாம் என்று தெரிந்துகொண்டு நீங்கள் வீட்டுக்குப் போனால் அதுவே எங்களுக்குப் போதும். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் சாதியைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மேடைக்குக் கொண்டுவந்தோம்.

'நாங்கள்' என்று சொல்வது மேடை மரியாதைக்காக இல்லை. இந்த உரையை நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் சாயப்பட்டறையில் விஞ்ச் ஓட்டியவர். ஒருவர் பிளீச்சிங்கில் இருந்தவர். ஒருவர் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஒருவர் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்கா. நான்கு பேர் கையிலும் நான்கு விதமான நாற்றம். சாயப்பட்டறைக் கையில் ஹைட்ரோஸ் நெடி, பிளீச்சிங் கையில் குளோரின், மெக்கானிக் கையில் ஊசி எண்ணெயும் கிரீஸும், செக்கிங் கையில் கறை எடுக்கிற திரவத்தின் இனிப்பு நெடி. யார் எந்த டிபார்ட்மெண்ட் என்று திருப்பூரில் கையை முகர்ந்தே சொல்லிவிடலாம்.

அம்பேத்கர் நாளில் கையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில், சவுதார் குளத்து நீரை அவர் கையால் அள்ளிக் குடித்தார். பிறகு ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 பானைகளில் நிரப்பி அந்தக் குளத்தில் ஊற்றினார்கள். குளம் 'சுத்தம்' ஆகிவிட்டதாம். நாம் கையைக் கழுவத் தண்ணீர் தேடுகிறோம். அவர்கள் நம் கை பட்ட தண்ணீரையே கழுவினார்கள். கறை என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இரண்டு அர்த்தம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. ஒன்று கையில் இருப்பது. இன்னொன்று பார்க்கிறவன் கண்ணில் இருப்பது. முதலில் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

அண்ணல் மறைந்தது 1956 டிசம்பர் 6. அதே 1956இல்தான் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் ரியாக்டிவ் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் நம் மக்களில் எத்தனையோ பேரின் கையில் ஏறியது இந்தச் சாயக் குடும்பம்தான். அதனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பட்டறையில் மாஸ்டர் இதைச் சொல்லித் தரமாட்டார். சிலருக்கு அவருக்கே தெரியாது.

பழைய சாயங்கள் பல, துணிமேல் ஒட்டிக்கொண்டு நிற்பவை. ரியாக்டிவ் அப்படி இல்லை. பருத்தியோடு வேதியியல் முறையில் பிணைந்து அதன் உடம்பிலேயே ஒரு பாகமாகிவிடும். அதனால்தான் எத்தனை முறை துவைத்தாலும் பனியன் வெளுப்பதில்லை. முதலில் தண்ணீரில் சாயமும் உப்பும் போட்டு ஓட்டுவோம். உப்பு சாயத்தைத் துணி பக்கம் தள்ளும். பிறகு சுமார் 60 டிகிரி சூட்டில் சோடா ஆஷ் போடுவோம். அந்தக் காரம் ஏறியதும் சாயம் பருத்தியைப் பிடித்துக்கொள்ளும். போட்ட சாயம் முழுவதும் பிடிக்காது. பிடிக்காமல் போன பங்குதான் ஒரு காலத்தில் நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், சொட்டுத் தண்ணீர் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு இந்த ஊர் வந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஆற்றில் ஏறிய சாயத்தைப் பற்றி வழக்கு நடந்தது, விவசாயிகள் சங்கம் பேசியது, பத்திரிகைகள் எழுதின. அது நியாயமான வழக்கு. அதே சாயம் ஏறிய கைக்கு ஒரு வழக்கும் இல்லை.

சாயத்துக்குப் பருத்தி எது, தோல் எது என்று தெரியாது. காரத் தண்ணீரில் தோல் ஊறித் தளர்ந்திருக்கும். தோலில் இருக்கும் புரதத்தையும் சாயம் அதே மாதிரி பிடித்துக்கொள்ளும். இதனால்தான் சாயக் கைக்கு எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை. மேலே படிந்ததை மட்டும் சோப்பு எடுக்கும். பிடித்துக்கொண்டது போக வேண்டுமானால், அந்தத் தோலே உரிந்து புதுத் தோல் வர வேண்டும். கையின் மேல்தோல் தானாக உதிர்ந்து புதுப்பிக்க இரண்டு மூன்று வாரமாகும். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர ஆறு மாதம். நேவி புளூவும் கறுப்பும் நகக்கண்ணில் ஏறினால், வேலையை விட்டு நின்ற பிறகும் ஆறு மாதம் அந்தப் பட்டறை உங்கள் விரலில் இருக்கும்.

அதற்குள் ஒரு கல்யாணம் வரும், ஒரு பெண் பார்க்கும் சடங்கு வரும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடப் போக வேண்டியிருக்கும். அதனால் பட்டறைக் குழாயடியில் வேறு வைத்தியம் நடக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் குழைத்துத் தேய்ப்பார்கள். அல்லது ஹைட்ரோஸை ஒரு கை அள்ளி, கொஞ்சம் காஸ்டிக் தண்ணீர் விட்டு, அதில் கையை முக்குவார்கள். ஒரு நிமிடத்தில் கறை காணாமல் போகும். பார்க்க மாயம் மாதிரி இருக்கும். ஹைட்ரோஸ் சாயத்தின் நிறம் தரும் பிணைப்பையே உடைத்துவிடுவதால் நடப்பது அது. தப்பாகச் சாயம் ஏறிய துணியை வெளுக்கப் பட்டறையில் செய்கிற அதே வேலையைக் கையில் செய்கிறோம்.

காஸ்டிக் தண்ணீரில் கையைத் தேய்க்கும்போது வழவழ என்று இருக்குமே, அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் தோலில் இருக்கும் கொழுப்பு காரத்தில் கலந்து சோப்பாக மாறுகிற வழவழப்பு அது. நம் தோலையே சோப்பாக்கி நாமே கழுவி விடுகிறோம். கொழுப்புப் போன தோல் வறண்டு வெடிக்கும். விரல் மடிப்பில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே மறுநாள் சாயமும் காரமும் இன்னும் ஆழமாக இறங்கும், கறை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். அப்புறம் இன்னும் அதிக ஹைட்ரோஸ். ராத்திரி குழம்புச் சோற்றைப் பிசையும்போது மிளகாய்க் காரம் கீறலில் ஏறி எரியும். ஸ்பூனில் சோறு சாப்பிடும் சாயப்பட்டறைக்காரரைப் பார்த்து, "ஏனுங்க, தொரை ஆயிட்டீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? நாங்கள் செய்து பார்த்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும் சொல்கிறோம்.

பிளீச்சிங் நாற்றத்திலிருந்து தொடங்குவோம். அதுதான் பலரையும் படுத்துவது. ஹைப்போகுளோரைட் தண்ணீர் கையில் பட்டால் தோலின் புரதத்தோடு சேர்ந்து குளோரமின் என்ற பொருள்கள் உண்டாகின்றன. நாற்றம் அதிலிருந்து வருகிறது. அதனால்தான் எத்தனை கழுவினாலும், கை காய்ந்ததும் திரும்ப வரும். முதலில் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு ஒரு மக்குத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், கரைத்துக் கையை அலசுங்கள். துணியில் மிச்சமிருக்கும் குளோரினைக் கொல்லப் பட்டறையில் போடுகிற அதே சரக்குதான். துணிக்குப் போடுகிறோம், கைக்குப் போடத் தோன்றுவதில்லை. அது கிடைக்காவிட்டால், மருந்துக் கடையில் விற்கும் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் கரைத்தாலும் அதே வேலையைச் செய்யும்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பிளீச்சிங் தண்ணீர் இருக்கும் கையிலோ வாளியிலோ எலுமிச்சம்பழத்தையோ அசிட்டிக் ஆசிட்டையோ நேராக விடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக் குழாயைக் கருக்கும் வாயு அது. முதல் உலகப் போரில் ஆளைக் கொல்ல அதைத்தான் விட்டார்கள். 'எலுமிச்சை இயற்கைதானே' என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜீன்ஸ் வாஷிங்கில் பர்மாங்கனேட் அடிக்கிறவர்களின் கை பழுப்பாகிப் போகும். சாயத்தில் வருகிற கறை இல்லை இது, மாங்கனீஸ் படிவு. இதற்கு வைட்டமின் சி கரைசல் தேய்த்தால் கண்முன்னே கரையும். இங்கே எலுமிச்சையும் கொஞ்சம் உதவும். தேய்த்துவிட்டு நன்றாகக் கழுவாமல் வெயிலில் போனால் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் கொப்புளித்துக் கறுத்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் தோழருக்கு வருவோம். கிரீஸ் கைக்கு மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் போடுகிறார்கள். கறை போகும், கூடவே தோலின் எண்ணெயும் போகும். கிரீஸ் எண்ணெயில்தான் கரையும். முதலில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கையைக் காய்ந்தபடியே நன்றாகத் தேயுங்கள். தண்ணீர் படக்கூடாது. பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். அதன்பிறகு அரப்புப் பொடி. நம் அம்மாக்கள் எண்ணெய்த் தலைக்குத் தேய்த்த அதே அரப்புத்தான். எண்ணெயை எடுக்கும், சலவை சோடா மாதிரித் தோலைக் கடிக்காது. அரப்பு இல்லையென்றால் கடலை மாவு, தவிடு. சர்க்கரையை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் விரல் ரேகைக்குள் இருப்பதும் வரும். மணலும் மரத்தூளும் வேண்டாம், கீறல் விழும்.

பனியன் வேஸ்ட் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் கை துடைக்க வைத்திருக்கும் துணிக் கட்டு நம் ஊரில் வெட்டி விழுந்தது. ஊருலகத்தில் எத்தனையோ பேர் நம் பனியன் வேஸ்ட்டில் கை துடைக்கிறார்கள். அதை உண்டாக்கிய சாயக் கையைத் துடைக்க எங்களுக்கு ஒரு தனித் துண்டு கேட்டோம். "வேஸ்ட்டுதான் கெடக்குதே, அதுலயே தொடைச்சுக்க" என்றார்கள்.

சாயக் கைக்கு மட்டும் எளிய வழி இல்லை. ஏறுவதற்கு முன் தடுப்பதே நல்லது. வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால் கொஞ்சம் காக்கும். ஆனால் எண்ணெய்க் கை துணியில் பட்டால் அந்த இடத்தில் சாயம் சரியாக ஏறாமல் புள்ளி விழும், மாஸ்டர் கத்துவார். துணியில் கறை படக்கூடாது என்பதற்காகக் கையில் கறை ஏற வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். ஏறிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவிவிட்டு, இரண்டு வாரம் பொறுப்பதுதான் தோலுக்கு நல்ல வழி. கேட்க உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எங்களுக்கும் இருந்தது.

கையுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கிளவுஸ் கொடுத்தோமே, இவங்கதான் போடறதில்லை" என்பது நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு. மணிக்கட்டு வரை வருகிற மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு விஞ்சில் கையை விட்டால் மேல் பக்கமாக வெந்நீர் உள்ளே இறங்கும். உள்ளே தண்ணீர் புகுந்த கையுறை வெறுங்கையைவிடக் கெடுதல், காரத்தைத் தோலோடு கட்டி வைத்த மாதிரி. ஓடுகிற துணியில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். சாயமும் ஹைட்ரோஸும் எடை போடுகிற இடத்தில், கலக்குகிற இடத்தில், முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை வேண்டும். ஓடுகிற மெஷினில் கை விடாமலே சாம்பிள் எடுக்க வழி வேண்டும். நல்ல மெஷின்களில் அந்த வழி இருக்கிறது. பழைய விஞ்சில் கைதான் வழி.

செக்கிங் அக்கா சொல்லச் சொன்னது ஒன்று. துணியில் கறை எடுக்கிற கன்னில் ஊற்றுகிற திரவங்களில் ட்ரைகுளோரோஎத்திலீன் ஒன்று. அதைக் கையில் அடித்துக் கறை துடைக்கிற பழக்கம் இருக்கிறது. சட்டென்று போகும், குளுகுளு என்று இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை 2012இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்தது. தயவுசெய்து கையில் அடிக்காதீர்கள். கன்னைப் பிடித்து நிற்கிற இடத்திலாவது காற்றை உறிஞ்சும் ஃபேன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதுவரை சொன்னது கையில் இருக்கும் கறை. இனி மற்றது.

நம் முன்னோர் கையில் ஏற்கெனவே ஒரு கறை இருந்தது. கொங்கு நாட்டில் பம்புசெட் வருவதற்கு முன் கிணற்றுத் தண்ணீர் கவலை ஏற்றத்தில்தான் மேலே வந்தது. மாடு இழுக்க, தோல் சால் தண்ணீரை மேலே கொண்டுவந்து கொட்டும். அந்தத் தோலை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள். ஆவாரம்பட்டைக் கறையும் கையை விட்டுப் போகாது, சுண்ணாம்பும் கையை வெடிக்க வைக்கும். அந்தக் கையை 'நாத்தம்' என்றார்கள். அந்தக் கை தைத்த தோலுக்குள் நிறைந்து வந்த தண்ணீரில் விளைந்த சோளத்தை நாத்தம் என்று யாரும் சொல்லவில்லை. பம்புசெட் வந்து தோல் வேலை போனது. நாற்றம் என்ற சொல் மட்டும் போகவில்லை. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் வெளியிட்ட தன்வரலாறான 'ஜூட்டன்' நூலில், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது செத்த மாட்டின் தோலை உரிக்கப் போக நேர்ந்ததை எழுதியிருக்கிறார். படித்தபோது எங்கள் ஊர்க் கதை மாதிரியே இருந்தது.

பிறகு பனியன் கம்பெனி வந்தது. பட்டறைக்குள் சாயம் சாதி பார்க்கவில்லை. கவுண்டர் கையும் நீலம், எங்கள் கையும் நீலம். ஆரம்பத்தில் இதைப் பார்த்து நம் பெரியவர்கள் சிலர் சந்தோஷப்பட்டார்கள். தோட்டத்தில் "சாமி" என்று கும்பிட்டு நின்றவர்கள் பட்டறையில் "ஏனுங்ணா" என்று கூப்பிட முடிந்தது. அது சின்ன விஷயம் இல்லை. அதைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை.

ஆனால் அதே நீலத்தை இரண்டு விதமாகப் படித்தார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி எழுதி 2004இல் வந்த ஆங்கில நூலில், இந்த ஊரின் கவுண்டர் முதலாளிகள் தாங்கள் மேலே வந்த கதையை 'உழைப்பு' என்ற ஒரே சொல்லால் சொல்வதைக் காட்டியிருக்கிறார். வேலைக்காரனாக இருந்து முதலாளி ஆனோம், எங்கள் கையைப் பாருங்கள் என்ற பெருமை. அந்தக் கையும் உழைத்த கைதான், மறுக்கவில்லை. எங்கள் கேள்வி வேறு. நிலம் வைத்திருந்தவர் கையில் சாயம் ஏறினால் அதற்கு உழைப்பு என்று பெயர். அது நாளை முதலீடாகலாம், வங்கிக் கடனாகலாம், பட்டறையாகலாம். சேரியிலிருந்து வந்தவர் கையில் அதே சாயம் ஏறினால், "இவனுக எப்பவும் இப்படித்தான்" என்கிறார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று 'சாதி ஒழிப்பு' உரையில் 1936இலேயே அம்பேத்கர் சொன்னார். ஒரே விஞ்சில், ஒரே தண்ணீரில், ஒரே சாயத்தில் நின்று அந்த அடுக்கை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது இது தெரியும். முதலில் ஊர் கேட்பார்கள். பிறகு "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அதற்கும் பிடி கொடுக்காமல் பேசினால் பார்வை கைக்கு வரும். "சாயப்பட்டறையா? வாசம் வருமே. குடும்பம் இருக்கற காம்பவுண்டு" என்பார்கள். எங்களில் ஒருவருக்கு இது நடந்தது. அதே காம்பவுண்டில் அதே பட்டறையின் இன்னொரு ஆள் குடியிருந்தார், அவர் கையும் நீலம்தான். அந்த வாசம் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். நாங்கள் வேலை செய்த பட்டறைகளில், குழாயடியில் அதிக நேரம் நின்றவர்கள் நம் ஆட்கள்தான். ஹைட்ரோஸை அதிகமாக அள்ளியவர்களும் நம் ஆட்கள்தான். மற்றவர்கள் பாதிக் கறையோடு பஸ் ஏறிப் போவார்கள், கடையில் டீ குடிப்பார்கள், அது அவர்களுக்குக் கூச்சமாக இல்லை. நம் ஆள் மட்டும் தோல் உரிய உரியத் தேய்ப்பார். சாயத்தை எடுக்க எவ்வளவு ஹைட்ரோஸ் வேண்டும் என்று வேதியியல் சொல்லும். அதற்கு மேல் அள்ளிய பங்கு வேறொன்றை எடுப்பதற்காக. அது ஹைட்ரோஸில் போவதில்லை, ஆனால் அந்த அதிகப்படிக் காரத்தில் வெடிப்பது நம் கை. சாதி பழக்கமாக, பேச்சாக, அடியாக இருப்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். விரல் மடிப்பில் தோல் அழற்சியாக இருப்பதை எழுதவில்லை.

பதினாறு வயதில் பட்டறைக்குப் போன ஒரு தம்பி ரத்தம் வரும் வரை தேய்த்துக்கொண்டிருந்தான். "போதும் கண்ணு, விடு" என்றோம். "நாளைக்கு ஸ்கூல் ஃபிரண்டு கல்யாணம்ணா" என்றான். மறுநாள் கல்யாணத்துக்குப் போகவில்லை, கையில் துணி சுற்றிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான்.

தோல் அழற்சி என்றவுடன் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், வேதிப்பொருள் பட்டு வருகிற தோல் அழற்சி அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. அதாவது நிர்வாகம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு, தொழிலாளர் கை கால் கழுவப் போதுமான வசதியை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, மறைப்போடு, எளிதில் போகிற இடத்தில், சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றது. 114ஆம் பிரிவு இப்படிப்பட்ட வசதிக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்றது. இப்போது அந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். கைகழுவும் வசதி அதிலும் முதலாளியின் கடமைதான்.

வைஸ்ராய் கவுன்சிலில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். வாரம் 48 மணி நேரம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். 42ஆம் பிரிவு உள்ள 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம். இருவரும் தண்ணீர் மறுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். ஒரு தொழிலாளிக்குக் குழாயும் வாளியும் ஏன் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

நடப்பில் என்ன இருக்கிறது? ஒன்றரை ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய பிறகு, முப்பது நாற்பது பேருக்கு இரண்டு குழாய். சோப்பு நம் காசு. கழுவுகிற நேரமும் நம் நேரம். நிதானமாக எண்ணெயும் அரப்பும் போட்டுத் தேய்க்கக் கால் மணி நேரம் வேண்டும், ஹைட்ரோஸுக்கு ஒரு நிமிடம் போதும், வெளியே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? நல்ல வைத்தியத்துக்கு நேரம் வேண்டும், அந்த நேரம் கூலிக்குள் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிவதற்குக் கால் மணி முன்பே மெஷினை விட்டுவிட்டு வரலாம், அதற்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்பதைச் சங்கங்கள் கூலி ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். பஞ்சப்படி, பஸ் பேட்டா எல்லாம் எழுதுகிற தாளில் இதற்கும் ஒரு வரி இடம் இருக்கும்.

வெளிநாட்டுக்காரர் தரம் பார்ப்பதில் கறாரானவர் என்று சொல்வார்கள். உண்மைதான். 1992இல் ஐரோப்பாவில் ஓகோ-டெக்ஸ் தரச்சான்று வந்தது. கைக்குழந்தையின் தோலில் படுகிற துணிக்கு அதில் இன்னும் கடுமையான அளவு. 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டது, புற்றுநோய் பயத்தால். 1997இல் இந்தியாவும் தடை செய்தது. நல்லது. அந்தக் குழந்தையின் தோல் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தச் சான்றுக்காகச் சோதனைக்கூடத்துக்குப் போவது துணி, சாயம் போட்ட கை இல்லை.

கையோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் மூன்று பேர் விஷவாயுவில் இறந்தார்கள். மூவரும் நம் மக்கள். மலக்குழியில் ஆளை இறக்கக்கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கறுப்பு, நேவி, பிளீச்சிங் என்று எத்தனை டிபார்ட்மெண்ட் வந்தாலும், தொட்டிக்குள் இறங்குகிற டிபார்ட்மெண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கிற பக்கம் மாறவே இல்லை.

இங்கே எழுதுகிற தம்பி தங்கைகள் பலர் இருக்கிறீர்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது பனங்கருக்கு கிழித்த உடம்பு தமிழ் எழுத்துக்குள் வந்தது. நம் கவிதைகளில் உழைக்கும் கரங்கள் நிறைய உயர்ந்திருக்கின்றன. அந்தக் கரங்கள் மாலை ஏழு மணிக்குக் குழாயடியில் என்ன செய்கின்றன என்று ஒரு கதை எழுதுங்கள். எந்தக் கலர் ஓடிய நாள், தண்ணீர் எவ்வளவு வந்தது, யார் முதலில் கழுவினார்கள், யார் கடைசி வரை நின்றார்கள் என்று எழுதுங்கள். ஹைட்ரோஸ் நெடிக்கு ஒரு நல்ல சொல் கண்டுபிடியுங்கள். எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அழுகின முட்டை, தீக்குச்சி, துருப்பிடித்த இரும்பு என்று நான்கு பேரும் நான்கு சொன்னோம், எதுவும் சரியாக இல்லை.

பேச்சு நீண்டுவிட்டது, வெளியே சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் ஒரு டப்பா அரப்புப் பொடியும், தேங்காய் எண்ணெயும், ஹைப்போ கரைத்த ஒரு வாளியும் வைத்திருக்கிறோம். வாளியில் சீட்டு ஒட்டியிருக்கிறது. பிளீச்சிங்கிலிருந்து நேராக வந்தவர்கள் முதலில் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு அப்புறம் அந்த வாளிக்கு வாருங்கள். குழாய் நான்கு இருக்கிறது, அவசரம் வேண்டாம்.